வெள்ளெழுத்து

புத்தகத்தைக் கண்ணருகே வைத்தால் எழுத்து மங்குகிறதா? கையை நீட்டிப் பிடித்தால் தெளிகிறதா? ஊசியில் நூல் கோக்கவும், அரிசியில் கல் பொறுக்கவும் சிரமமா? தூரத்தில் வரும் பேருந்து மட்டும் நன்றாகத் தெரிகிறதா?

உங்கள் வயது 40-ஐத் தாண்டியிருந்தால், இது வெள்ளெழுத்தாக இருக்கலாம்.

ஏன் வருகிறது?

நம் கண்ணுக்குள் ஒரு சிறிய வில்லை இருக்கிறது. பக்கத்தில் உள்ளதைப் பார்க்கும்போது அது சற்றுத் தடிக்கும். இளம் வயதில் வில்லை மிருதுவாக இருப்பதால் எளிதில் தடிக்கும். வயது ஏற ஏற அது இறுகிவிடுகிறது. அதனால் பக்கத்தில் உள்ளது மங்கலாகத் தெரிகிறது. தலை நரைப்பது போல இதுவும் இயற்கை. நோய் அல்ல.

சில குழந்தைகளுக்குக் கண்விழி பிறவியிலேயே சற்றுக் குட்டையாக இருக்கும். அதற்குத் தூரப்பார்வை என்று பெயர். குழந்தைக்கு மாறுகண் இருந்தாலோ, படிக்கும்போது தலைவலி வந்தாலோ உடனே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கண்ணாடி போடலாமா?

கட்டாயம் போடலாம். கண்ணாடி போட்டால் கண் கெட்டுவிடும் என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. போட்டாலும் போடாவிட்டாலும் ஏறக்குறைய 60 வயதுவரை வில்லை இறுகிக்கொண்டேதான் போகும். அதனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கண்ணாடியை மாற்ற வேண்டியிருக்கும்.

அசாம் தேயிலைத் தோட்டங்களில் ஓர் ஆய்வு நடந்தது. அதில் 40 வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளர்கள் பங்கேற்றார்கள். பாதிப் பேருக்கு முதலிலேயே கண்ணாடி கொடுத்தார்கள். கண்ணாடி போட்டவர்கள் கொழுந்து பறிக்கும் திறன், மற்றவர்களைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடியது. 2018-இல் இந்த முடிவு வெளியானது. கண் தெளிந்தால் கூலியும் கூடும்.

என்ன செய்ய வேண்டும்?

• முதலில் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையிலும் கண் முகாமிலும் சோதிப்பார்கள். இலவசக் கண்ணாடி கிடைக்குமா என்றும் கேளுங்கள்.
• அடுத்தவர் கண்ணாடியைப் போடாதீர்கள். அளவு பொருந்தாவிட்டால் தலை வலிக்கும்.
• நல்ல வெளிச்சத்தில் படியுங்கள்.
• தூரமும் மங்கினால் அது கண்புரையாக இருக்கலாம். திடீரென்று பார்வை குறைந்தாலும், கண் வலித்துச் சிவந்தாலும் தாமதிக்காதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆண்டுதோறும் கண்ணைக் காட்ட வேண்டும்.

எழுத்து மங்கியதும், "இந்த வயதில் படிப்பு ஏறாது" என்று பலர் வகுப்பை விட்டுவிடுகிறார்கள். நீங்கள் விடாதீர்கள். உங்கள் வகுப்பில் யாராவது புத்தகத்தைத் தள்ளிப் பிடித்தால், அவரையும் கண் சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.