பங்கரில் மட்டையை ஊன்றலாமா?

2010 ஏப்ரலில் அமெரிக்காவின் தென் கரோலினாவில் உள்ள ஹார்பர் டவுன் கோல்ஃப் மைதானத்தில் பிரையன் டேவிஸும் ஜிம் ஃபியூரிக்கும் சமநிலையில் முடித்து பிளே-ஆஃப் ஆடினார்கள். டேவிஸ் இங்கிலாந்துக்காரர்; அமெரிக்கச் சுற்றில் அதுவரை ஒரு பட்டமும் வென்றதில்லை. முதல் பிளே-ஆஃப் ஹோலிலேயே அவருடைய பந்து கிரீனைத் தவறவிட்டு, கரையோர மணலில் காய்ந்த நாணல் தண்டுகளுக்கு நடுவே போய் விழுந்தது. அங்கிருந்து பந்தைத் தூக்கி அடித்தார். அடித்த கையோடு விதி அதிகாரியைக் கூப்பிட்டு, மட்டையைப் பின்னால் ஓங்கும்போது ஒரு தண்டில் பட்டதுபோல் இருந்தது என்று சொன்னார். வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தார்கள். பட்டிருந்தது. இரண்டு ஸ்ட்ரோக் அபராதம். பட்டம் ஃபியூரிக்குக்குப் போனது.

டேவிஸின் நேர்மையைக் கோல்ஃப் உலகம் இன்றும் மெச்சுகிறது. மெச்ச வேண்டியதுதான். ஆனால் உதிர்ந்து கிடந்த ஒரு தண்டைத் தொட்டதால் அவருக்கு என்ன லாபம்? ஒரு லாபமும் இல்லை. பிறகு ஏன் அபராதம் என்று கேட்டால், விதி லாப நஷ்டம் பார்க்கவில்லை, தொட்டதா இல்லையா என்று மட்டும்தான் பார்த்தது.

அன்றைய விதிப்புத்தகத்தில் மணல் பங்கர், நீர்நிலை இரண்டுக்கும் சேர்த்து ‘ஹஸார்டு’ என்று ஒரே பெயர். பந்து அதற்குள் விழுந்துவிட்டால் மூன்று காரியம் கூடாது: தரை எப்படி இருக்கிறது என்று சோதிக்கக் கூடாது, தரையையோ தண்ணீரையோ கையாலும் மட்டையாலும் தொடக் கூடாது, உதிர்ந்து கிடக்கும் இலை, குச்சி, கல் எதையும் அசைக்கக் கூடாது. ஹஸார்டு என்பது தப்பாக அடித்தவன் மாட்டிக்கொள்வதற்காக வைத்த இடம். அங்கே அவனுக்கு எந்த ஒத்தாசையும் கிடைக்கக் கூடாது என்பது இதன் அடிப்படை. மணலைப் பொறுத்தவரை அது நியாயம். மேலே பொலபொலவென்று இருக்கிறதா, அடியில் ஈரம் கோத்து இறுகியிருக்கிறதா என்று தெரிந்துவிட்டால் எவ்வளவு ஆழமாக மட்டையை இறக்குவது என்ற தீர்மானம் பாதி முடிந்துவிடும். இலைக்கும் தண்டுக்கும் அதே சட்டத்தை நீட்டியதில்தான் விபரீதம்.

2012 பிஜிஏ சாம்பியன்ஷிப் கடைசிச் சுற்றின் முதல் ஹோலில் கார்ல் பெட்டர்சன் ஹஸார்டுக்குள்ளிருந்து அடித்தபோது மட்டையோடு ஒரு காய்ந்த இலை அசைந்தது. இரண்டு ஸ்ட்ரோக் போயிற்று. அவர் முடித்தது மூன்றாம் இடத்தில், இன்னும் மூவரோடு சேர்ந்து. இலை அசையாமல் இருந்திருந்தால் அவர் தனியாக இரண்டாம் இடம்.

இதைவிட நுணுக்கமானது 2016 அமெரிக்க மகளிர் ஓப்பன். கலிஃபோர்னியாவின் கார்டிவால் மைதானத்தில் அன்னா நோர்ட்க்விஸ்ட்டும் பிரிட்டனி லாங்கும் மூன்று ஹோல் பிளே-ஆஃபில் இருந்தார்கள். இரண்டாவது ஹோலில் நோர்ட்க்விஸ்ட் பங்கரிலிருந்து அடித்தார். மட்டையைப் பின்னால் எடுத்தபோது அதன் அடிப்பாகம் சில மணல் துகள்களை உரசியது. களத்தில் யாருக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. தொலைக்காட்சியில் காட்சியைப் பெரிதாக்கிக் காட்டியபோதுதான் துகள்கள் நகர்ந்தது தெரிந்தது. கடைசி ஹோலில் அவர் மூன்றாவது அடியை அடித்து முடித்த பிறகு அபராதச் செய்தி அவரிடம் வந்தது. லாங்குக்கோ தன் மூன்றாவது அடிக்கு முன்பே தெரிந்துவிட்டது. லாங் வென்றார். மறு ஆண்டு, வெறும் கண்ணுக்குத் தெரியாத மீறலை வீடியோவை வைத்துக் குற்றமாக்கக் கூடாது என்ற அளவுகோலைக் கொண்டுவந்தார்கள். ஒரு பட்டம் கைமாறிய பிறகு வந்த ஞானம்.

பெரிய மாற்றம் 2019 ஜனவரி 1 அன்று வந்தது. கோல்ஃப் விதிகளை எழுதும் ஆர் அண்ட் ஏ, யுஎஸ்ஜிஏ ஆகிய இரு அமைப்புகளும் 34 விதிகளை 24 ஆகச் சுருக்கின. ‘ஹஸார்டு’ என்ற சொல்லே புத்தகத்திலிருந்து போய்விட்டது. பங்கர் தனி, ‘பெனால்டி ஏரியா’ தனி. ஏரி, ஓடை மட்டுமல்ல, பாலைநிலம், புதர்க்காடு போன்றவற்றையும் மைதானக் குழு விரும்பினால் பெனால்டி ஏரியாவாகக் குறிக்கலாம்.

இந்த இரண்டு இடங்களிலும் இனி ஒரே சட்டம் இல்லை என்பதைத்தான் ஆட்டக்காரர் முதலில் மனதில் வாங்க வேண்டும்.

பெனால்டி ஏரியாவில் ஏறக்குறைய எல்லாக் கட்டும் அவிழ்ந்துவிட்டது. பந்துக்குப் பின்னால் மட்டையை லேசாகத் தரையில் வைக்கலாம். ஒத்திகை வீச்சில் புல்லோ தண்ணீரோ பட்டால் குற்றமில்லை. இலை, குச்சியை எடுத்துப் போடலாம். பந்து நகராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், நகர்ந்தால் ஒரு ஸ்ட்ரோக் அபராதம். ஆனால் கிளையை ஒடிப்பதும், பந்துக்குப் பின்னால் தரையை அமுக்கிச் சமமாக்குவதும் மைதானத்தில் பொதுவாகவே கூடாது, இங்கேயும் கூடாது. தண்ணீரில் கிடக்கும் பந்தை அப்படியே அடிக்கவும் தடையில்லை. 2011 டூர் சாம்பியன்ஷிப் பிளே-ஆஃபில் ஏரிக்கரையில் பாதி மூழ்கிக் கிடந்த பந்தைத் தண்ணீர் தெறிக்க அடித்துக் குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார் பில் ஹாஸ். அடுத்த ஹோலில் பட்டமும் ஒரு கோடி டாலர் ஃபெடெக்ஸ் கோப்பைப் பரிசும் அவருக்கு.

எல்லோருக்கும் அந்தத் துணிச்சல் வராது. அடிக்க வேண்டாம் என்று நினைத்தால் ஒரு ஸ்ட்ரோக் கட்டிவிட்டு வெளியே வரலாம். மஞ்சள் கம்பு நட்டிருந்தால் இரண்டு வழி: முன்பு அடித்த இடத்துக்கே திரும்புவது, அல்லது பந்து எல்லையைக் கடந்த புள்ளியையும் கொடியையும் இணைக்கும் நேர்கோட்டில் பின்னால் போய் டிராப் எடுப்பது. சிவப்புக் கம்பு என்றால் கூடுதலாக, எல்லையைக் கடந்த புள்ளியிலிருந்து இரண்டு மட்டை நீளத்துக்குள் பக்கவாட்டில் டிராப் எடுக்கலாம், கொடிக்கு அருகே போகாமல்.

பங்கர் கதை வேறு. இலை, கல், குச்சி எடுக்கலாம் என்ற சலுகை இங்கேயும் வந்தது. எடுக்கும்போது மணல் கொஞ்சம் கலைந்தாலும் பரவாயில்லை. ஆனால் மணலைச் சோதிப்பதற்காகக் கையாலோ மட்டையாலோ ரேக்காலோ தொடக் கூடாது. பந்துக்கு நேர் முன்னும் பின்னும் மட்டையை மணலில் வைக்கக் கூடாது. ஒத்திகை வீச்சிலோ, அடிக்கும்போது மட்டையைப் பின்னால் எடுக்கையிலோ மணலைத் தொடக் கூடாது. மீறினால் ஸ்ட்ரோக் ஆட்டத்தில் இரண்டு ஸ்ட்ரோக், மேட்ச் ஆட்டத்தில் அந்த ஹோலே போச்சு.

அதே பங்கரில் செய்யத் தகுந்தவற்றின் பட்டியலைப் படித்தால் சிரிப்பு வரும். காலைப் புதைத்து ஊன்றி நிற்கலாம். பையை மணலில் போடலாம். முறை வரும்வரை மட்டைமேல் சாய்ந்து ஓய்வெடுக்கலாம். கோபத்தில் மட்டையால் மணலை ஓங்கி அடிக்கலாம். இதை விதிப்புத்தகமே வெளிப்படையாக அனுமதிக்கிறது. விதி எழுதியவர்களும் பங்கரில் மாட்டியவர்கள்தானே! இதில் ஒரு நியாயமும் உண்டு: ஆத்திரத்தில் அடிப்பவன் மணலைச் சோதிக்கவில்லை. டேவிஸ் காலத்தில் விதி பார்க்கத் தவறிய வித்தியாசம் இதுதான்.

இத்தனையும் தெரிந்திருந்தாலும் மாட்டிக்கொள்ள ஒரு வழி இருக்கிறது: நிற்கும் இடம் பங்கர்தானா என்று தெரியாமல் இருப்பது. 2010 ஆகஸ்டில், விஸ்கான்ஸின் மாநிலத்தின் விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸில் பிஜிஏ சாம்பியன்ஷிப். ஒரு ஸ்ட்ரோக் முன்னிலையோடு கடைசி ஹோலுக்கு வந்தார் டஸ்டின் ஜான்சன். பந்து வலப்பக்கம் வெகுதூரம் விலகிக் கூட்டத்துக்குள் போனது. ரசிகர்கள் நின்று மிதித்துத் துவைத்த மணல் திட்டு. ஓரம் தெரியவில்லை, ரேக் இழுத்த தடமும் இல்லை. வெறும் தரை என்று நினைத்து மட்டையை ஊன்றி அடித்தார். போகியில் முடித்து, மார்ட்டின் கைமரோடும் பபா வாட்சனோடும் பிளே-ஆஃப் ஆடத் தயாரானபோது அதிகாரி வந்து நிறுத்தினார். அது பங்கர். ஐந்து ஏழானது, ஜான்சன் ஐந்தாம் இடத்துக்கு இறங்கினார், கைமர் வென்றார். மைதானத்தில் பங்கராக அமைக்கப்பட்ட எல்லா மணலும், ரேக் இழுத்திருந்தாலும் இல்லாவிட்டாலும், பங்கர்தான் என்ற உள்ளூர் விதி வீரர்களின் உடைமாற்றும் அறையிலேயே ஒட்டப்பட்டிருந்தது.

விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸை வடிவமைத்த அதே பீட் டையின் கைவண்ணமான கியாவா தீவு மைதானத்தில், பெட்டர்சன் இலையை அசைத்த அந்த 2012 போட்டியில், மணல் எதுவுமே பங்கர் இல்லை என்று அறிவித்தார்கள். எங்கு வேண்டுமானாலும் மட்டையை ஊன்றலாம்! பார்வைக்கு ஒரே மாதிரியான மணல். தீர்மானிப்பது ஒரு தாள்.

பங்கர் இல்லாத மணலில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்றும் எண்ணிவிடக் கூடாது. 2019 டிசம்பரில் பஹாமாஸில் பேட்ரிக் ரீட் அப்படியொரு திறந்த மணல்வெளியில் ஒத்திகை வீச்சு எடுத்தபோது, பந்துக்குப் பின்னால் இருந்த மணலை மட்டை இருமுறை வாரித் தள்ளியது. மட்டையை ஊன்ற அங்கே அனுமதி உண்டு; மணலை விலக்கிப் பந்தின் கிடப்பைச் சீர்படுத்த அனுமதி இல்லை. இரண்டு ஸ்ட்ரோக் அபராதம். போட்டி முடிந்தபோது வென்ற ஹென்ரிக் ஸ்டென்சனுக்கும் அவருக்கும் இடைவெளி சரியாக இரண்டு ஸ்ட்ரோக்.

ஆகவே முதல் டீயில் கொடுக்கும் உள்ளூர் விதித் தாளை மடித்துப் பையில் போடுவதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள். மணலில் சந்தேகம் வந்தால் மட்டையைத் தரையில் வைக்காமலே அடியுங்கள். வேறு சந்தேகம் வந்து, கேட்க அதிகாரியும் இல்லையென்றால், ஸ்ட்ரோக் ஆட்டத்தில் இரண்டு பந்து ஆடி அந்த ஹோலை முடிக்க விதி இடம் கொடுக்கிறது. எந்தப் பந்தை எண்ண விரும்புகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஸ்கோர் கார்டைக் கொடுக்கும் முன் குழுவிடம் தெரிவிக்க வேண்டும். இரண்டிலும் ஒரே எண்ணிக்கை வந்தாலும் தெரிவிக்காமல் விட்டால் தகுதிநீக்கம்.