தறியில் கை போனால் மருத்துவச் செலவு யாருடைய பொறுப்பு?

பொதட்டூர்பேட்டையில் எந்தத் தெருவில் நடந்தாலும் தறிச் சத்தம் கூடவே வரும். அதே ஓசை ஆந்திர எல்லையைத் தாண்டி நகரியிலும் கேட்கும். பல குடும்பங்களின் அடுப்பு எரிவது இந்தச் சத்தத்தால்தான். ஆனால் ஓடும் பெல்ட்டில் கை சிக்கும்போதும், நாடா தெறித்துக் கண்ணில் அடிக்கும்போதும் அந்தக் குடும்பம் ஒரே நாளில் நிலைகுலைந்து போகிறது.

அதன் பிறகு நடப்பதும் நமக்குத் தெரிந்ததே. முதலாளி ஆட்டோ வைத்து மருத்துவமனைக்கு அனுப்புவார், கையில் பத்தாயிரம் கொடுப்பார், ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்வார். மீதிச் செலவுக்கு மனைவியின் நகை அடகுக்குப் போகும். அதுவும் போதாவிட்டால் ஜமாஅத்தின் பைத்துல்மாலுக்கு மனு வரும். "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், பொறுமையாக இருப்போம்" என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வார்கள்.

பொறுமை அவசியம்தான். ஆனால் நமக்கு வரவேண்டிய உரிமையைக் கைவிடுவதற்குப் பொறுமை என்று பெயரில்லை. கூலியைத் தாமதிக்கக் கூடாது என்றும், ஒருவர் மற்றவருக்குத் தீங்கிழைக்கக் கூடாது என்றும் கற்றுத்தந்த மார்க்கம் நம்முடையது. உடல் உறுப்புக்கு ஏற்படும் காயத்துக்கு ஈடு உண்டு என்பது ஃபிக்ஹு நூல்களில் தனிப் பாடமாகவே இருக்கிறது. எனவே இழப்பீடு கேட்பதை யாரும் பேராசையாக நினைக்க வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-ல் வந்தது. 2009-ல் செய்த திருத்தத்தில் அதன் பெயர் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று மாறியது. அதைவிட முக்கியமான மாற்றம் ஒன்றும் அப்போது வந்தது. வேலையின்போது ஏற்பட்ட காயத்துக்கான சிகிச்சைக்கு உண்மையில் எவ்வளவு செலவானதோ, அதை முதலாளி திருப்பித் தர வேண்டும் என்பதே அது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த உரிமை தொடர்கிறது.

மருத்துவச் செலவு வேறு, ஊன இழப்பீடு வேறு. ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றைக் கழித்துக்கொள்ள முடியாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 12,000 ரூபாய் சம்பாதிக்கும் 30 வயதுத் தொழிலாளி கட்டைவிரலை முழுவதுமாக இழந்தார் என்று வைத்துக்கொள்வோம். சம்பளத்தில் 60 சதவீதம் 7,200 ரூபாய். 30 வயதுக்கு அட்டவணையில் உள்ள எண் 207.98. இரண்டையும் பெருக்கினால் 14,97,456 ரூபாய் வரும். கட்டைவிரல் இழப்பு 30 சதவீத ஊனம் என்பதால், அவருக்குச் சேர வேண்டியது சுமார் 4 லட்சத்து 49 ஆயிரம் ரூபாய். மருத்துவ பில்கள் இதில் சேராது. அந்தப் பத்தாயிரத்தை இதன் அருகில் வைத்துப் பாருங்கள்!

ஊனம் நிலையாக இல்லாமல், சில மாதங்கள் வேலைக்குப் போக முடியாத நிலை என்றால், 15 நாளுக்கு ஒருமுறை மாதச் சம்பளத்தில் கால் பங்கு, அதாவது மாதத்துக்குப் பாதிச் சம்பளம் கிடைக்க வேண்டும்.

"உன் கவனக்குறைவால்தான் நடந்தது" என்று முதலாளி சொன்னால் அஞ்ச வேண்டாம். சாதாரணக் கவனக்குறைவு உரிமையைப் பறிக்காது. குடிபோதையில் இருந்தாலோ, பாதுகாப்பு விதியையோ தடுப்பையோ வேண்டுமென்றே மீறி அகற்றியிருந்தாலோதான் சிக்கல் வரும். மரணமோ முழு நிரந்தர ஊனமோ நேர்ந்தால் அந்த விலக்கும் பொருந்தாது. "இனி எதுவும் கேட்கமாட்டேன்" என்று உரிமையை விட்டுக்கொடுத்து எழுதிய தாளும் சட்டப்படி செல்லாது.

இ.எஸ்.ஐ. இருந்தால்

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் பெறுபவர் இ.எஸ்.ஐ.யில் இருக்க வேண்டும். இருந்தால் சிகிச்சையும் இழப்பீடும் அங்கேயே கிடைக்கும். முதலாளியிடம் தனியாகக் கேட்க முடியாது. வேலை செய்ய முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் வரை கிடைக்கும். நம் பகுதித் தறிக்கூடங்களில் பல நான்கைந்து பேருடன் நடப்பவை. அங்கே முதலாளியே நேரடியாகப் பொறுப்பு. சொந்த வீட்டில் சொந்தத் தறி வைத்துக் கூலிக்கு நெய்பவருக்கு முதலாளி யார் என்று நிரூபிப்பது கடினம். அவர்கள் விசைத்தறித் தொழிலாளர் நல வாரியத்தில் முன்பே பதிவு செய்துகொள்வது நல்லது.

விபத்து நடந்தவுடன் செய்ய வேண்டியவை

முதலாவது, மருத்துவமனையில் உண்மையைச் சொல்லுங்கள். "வீட்டில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லு, செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்பவர்கள் உண்டு. அந்த ஒரு பொய் பின்னாளில் வழக்கையே வீழ்த்திவிடும். பொய் சொல்வது பாவம் என்பதையும் நாம் மறக்கக் கூடாது. விபத்துப் பதிவேட்டின் நகலை, அதாவது ஏ.ஆர். காப்பியை, கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, மருந்துக்கடை ரசீது, ஸ்கேன் கட்டணம் என எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். ரசீது இல்லாத செலவைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம்.

மூன்றாவது, முதலாளிக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். அவர் ஒரு மாதத்துக்குள் தராவிட்டால், விபத்து நடந்த 2 ஆண்டுகளுக்குள் தொழிலாளர் துணை ஆணையரிடம் மனுச் செய்யுங்கள். வேலை செய்தது நகரியிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ இருந்தாலும், தான் வசிக்கும் பகுதிக்குரிய அலுவலகத்திலேயே மனுக் கொடுக்கலாம்.

தாமதமான தொகைக்கு 12 சதவீத வட்டியும் சேர்த்து உத்தரவிட சட்டம் இடம் தருகிறது. வட்டி என்றதும் சிலர் மனுவே போடாமல் ஒதுங்குகிறார்கள். அசல் இழப்பீடு முழுவதும் உங்கள் உரிமை. வட்டிப் பகுதியை என்ன செய்வது என்று உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

தறி வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. பெல்ட்டுக்கும் பல்சக்கரத்துக்கும் தடுப்பு வைப்பது உங்களுக்குச் சிறிய செலவு. தொழிலாளியின் விரல் உங்களிடம் இருக்கும் அமானிதம். நீங்கள் கொடுக்க வேண்டியதை பைத்துல்மால் கொடுத்தால், விதவைக்கும் அநாதைக்கும் போக வேண்டிய பணம் உங்கள் கடனை அடைக்கிறது என்று பொருள். மறுமையில் அதற்கும் கேள்வி உண்டு.

ஜும்ஆ முடிந்து வீடு திரும்பும் வழியில், தறியில் நிற்கும் ஒருவரிடமாவது இந்தச் செய்தியைச் சொல்லுங்கள். அவர் எந்தச் சமுதாயத்தவராக இருந்தாலும் சரி. அல்லாஹ் நம் அனைவரையும் ஆபத்துகளிலிருந்து காப்பானாக!