தனி விமானம் யாருடையது?

புது தில்லி: மக்களவைத் தேர்தலோ, பெரிய மாநிலம் ஒன்றின் சட்டப்பேரவைத் தேர்தலோ அறிவிக்கப்பட்டதும், கட்சித் தலைமையகங்களில் வேட்பாளர் பட்டியலுடன் இன்னொரு பட்டியலும் தயாராகிறது. எந்தத் தலைவருக்கு எந்த நாளில் எந்தத் தனி விமானம் என்பதே அது. தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்துவிட்டால், பிரதமரைத் தவிர வேறு எந்த அமைச்சரும் அரசு விமானத்தில் பிரசாரத்துக்குச் செல்ல முடியாது. முதல்வராக இருந்தாலும் வாடகை விமானத்தையே நாட வேண்டும்.

இத்தகைய பயணங்களுக்கு ஹெலிகாப்டருக்கு அடுத்தபடியாகப் பெரிதும் பயன்படுவது இரட்டை என்ஜின் டர்போபிராப் விமானம். பீச்கிராஃப்ட் நிறுவனத்தின் "கிங் ஏர்" ரகம் இவற்றில் பிரபலமானது. பல மாநில அரசுகளும் இதையே வாங்கிப் பயன்படுத்தி வந்துள்ளன. அதன் பி-200 மாதிரியில் தலா 850 குதிரைத் திறன் கொண்ட இரு என்ஜின்கள் உள்ளன. மணிக்குச் சுமார் 500 கி.மீ. வேகத்தில் ஏழு முதல் ஒன்பது பேர் வரை பயணம் செய்யலாம். ஜெட் விமானங்கள் இறங்கத் தயங்கும் மாவட்டத் தலைநகரங்களின் குறுகிய ஓடுதளங்களிலும் இது இறங்கிவிடும்.

கட்டணம் பறக்கும் மணிக்கணக்கில் வசூலிக்கப்படுகிறது. தலைவரை ஏற்றிச் செல்ல விமானம் காலியாக வரும் நேரமும், அவரை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் நேரமும் அதில் சேரும். விமானிகள் வெளியூரில் இரவு தங்கும் செலவு, தரையிறங்கும் கட்டணம், நிறுத்துமிடக் கட்டணம், வரி ஆகியவை தனி.

சட்டம் தரும் விலக்கு

இந்தச் செலவு வேட்பாளரின் கணக்கில் ஏறுவதில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77-ஆவது பிரிவு, நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவுக்கு விலக்கு அளிக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட கட்சி 40 பேரையும், பதிவு மட்டும் பெற்ற கட்சி 20 பேரையும் இவ்வாறு அறிவிக்கலாம். அவருடன் வேட்பாளரும் அதே வாகனத்தில் பயணம் செய்தால் மட்டும், பயணச் செலவில் பாதியை வேட்பாளர் கணக்கில் சேர்க்கத் தேர்தல் ஆணையம் உத்தரவிட்டுள்ளது.

பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளரின் செலவு வரம்பு 2022-இல் ரூ. 95 லட்சமாக உயர்த்தப்பட்டது. கட்சியின் செலவுக்கோ வரம்பே இல்லை. மக்களவைத் தேர்தல் முடிந்து 90 நாள்களுக்குள் கட்சி கணக்கு சமர்ப்பித்தால் போதும். வாக்காளர் அதைப் பார்க்கும்போது புதிய அரசு பதவியேற்றிருக்கும்.

வாடகையா, இரவலா?

கட்டணம் பெற்றுப் பயணிகளை ஏற்றிச் செல்ல, அட்டவணையில்லா விமான சேவைக்கான அனுமதியை விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்திடம் பெற வேண்டும். தொழில் நிறுவனங்கள் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் விமானங்களை வாடகைக்கு விடக் கூடாது. அத்தகைய விமானம் ஓர் அரசியல் தலைவருக்கு அளிக்கப்பட்டால், அது நட்பின் பேரில் தந்த இரவலா, கட்சிக்கு அளித்த நன்கொடையா, மறைமுக வாடகையா என்ற கேள்வி எழுகிறது. இரவல் என்றால் ரசீது இல்லை. ரசீது இல்லாத பயணத்துக்குக் கணக்கும் இருக்காது.

பாதுகாப்பும் இதே கேள்வியில்தான் அடங்கியுள்ளது. விமானம் எந்த அனுமதியின் கீழ் பறக்கிறது என்பதைப் பொருத்தே அதற்கான விதிகளும் கண்காணிப்பும் அமைகின்றன.

2001 செப்டம்பர் 30-இல் கான்பூர் பொதுக்கூட்டத்துக்குச் சென்ற காங்கிரஸ் தலைவர் மாதவராவ் சிந்தியா, உத்தரப் பிரதேசத்தின் மெயின்புரி அருகே விமான விபத்தில் உயிரிழந்தார். அவர் சென்றது ஒரு தொழில் குழுமத்துக்குச் சொந்தமான கிங் ஏர் சி-90 விமானம். அதிலிருந்த எட்டுப் பேரும் மாண்டனர். 1993 ஜனவரியில் இந்தியன் ஏர்லைன்ஸ் வாடகைக்கு எடுத்திருந்த டுபோலெவ் விமானம் தில்லியில் விபத்துக்குள்ளானபோது, உயிரிழப்பு இல்லாத நிலையிலும் பொறுப்பேற்று விமானப் போக்குவரத்து அமைச்சர் பதவியைத் துறந்தவர் அவர்.

இரண்டு என்ஜின்கள் இருப்பதாலேயே பாதுகாப்பு உறுதியாகிவிடாது. 2015 டிசம்பர் 22-இல் எல்லைப் பாதுகாப்புப் படையின் கிங் ஏர் பி-200 விமானம், தில்லியிலிருந்து ராஞ்சிக்குப் புறப்பட்ட சற்று நேரத்தில் துவாரகை பகுதியில் விழுந்து 10 பேர் பலியாயினர். பனிமூட்டத்தில், போதிய உயரத்தை எட்டும் முன் தானியங்கி முறையைத் தவறாக இயக்கியதும், விமானம் இடப்புறம் சாய்ந்தபோது சரிசெய்யாததுமே காரணம் என விசாரணையில் தெரியவந்தது.

பிரசாரக் காலத்தில் இத்துடன் அவசரமும் சேர்ந்துகொள்கிறது. பல சிறிய ஓடுதளங்களில் கருவி வழித் தரையிறங்கும் வசதி இல்லை. கூட்டத்தில் மக்கள் காத்திருக்க, தலைவர் கடிகாரத்தைப் பார்க்க, வானிலை சரியில்லை என்று மறுக்கும் துணிவு விமானிக்கு வேண்டும். அந்த மறுப்பை ஏற்கும் பக்குவம் தலைவருக்கு வேண்டும்.

தேர்தல் ஆணையம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு தனி விமானப் பயணத்துக்கும் பதிவு எண், உரிமையாளர், அனுமதியின் வகை, பறந்த நேரம் ஆகியவற்றை வாக்குப்பதிவுக்கு முன்பே கட்சிகள் வெளியிட வேண்டும் என்று கேட்கலாம். இரவல் விமானத்துக்குச் சந்தை வாடகையைக் கணக்கில் காட்டச் சொல்லலாம். தலைவர் யாருடைய விமானத்தில் வந்தார் என்பதை அறியும் உரிமை வாக்காளருக்கு உண்டு. அந்த விமானம் எப்படிப்பட்டது என்று அறிவது தலைவருக்கும் நல்லது.