நாய்க்கும் வரும் சேற்றுப்புண்

அலாஸ்காவில் நாய்கள் இழுக்கும் இடிட்டராட் பனிச்சறுக்கு வண்டிப் பந்தயத்தில் நாய் ஒன்றுக்கு 8 காலுறைகள் கட்டாயம். விரல்களுக்கு நடுவே பனி உருண்டு உறைந்தால் சதை கிழிந்துவிடும். புதுச்சேரி உழவர்கரை நாய்களுக்கு அந்த ஆபத்து கிடையாது. தை மாத விடியலிலும் இங்கே குளிர் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. ஆனால் குளிர்காலத்துக்கு முன்னே வந்து நிற்கும் மழை, அவற்றின் பாதத்தை வேறு விதத்தில் பதம் பார்த்துவிடுகிறது.

ஐப்பசி தொடங்கினால்

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அத்தனை பெரிய மழை அபூர்வம். ஆனால் ரெட்டியார்பாளையத்திலோ மூலகுளத்திலோ காலையில் நாயை நடத்திச் செல்பவருக்குச் சாதாரண அடைமழையே போதும். தேங்கிய நீரையும் சாக்கடைக் கசிவையும் மிதிக்காமல் வீடு திரும்ப முடியாது.

விரலிடுக்கில் என்ன நடக்கிறது?

நாயின் வியர்வைச் சுரப்பிகள் பெரும்பாலும் பாதத்தில்தான் இருக்கின்றன. விரல்களை இணைக்கும் மெல்லிய தோல் காற்றுப்படாமல் மடிந்து கிடக்கிறது. அங்கே ஈரம் தங்கினால் தோல் ஊறிப்போகும். மலசீசியா என்னும் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகும். வயலில் இறங்குபவர்களுக்கு வரும் சேற்றுப்புண்ணைப் போன்றதுதான் இதுவும்.

முதல் அறிகுறி நக்குவது. ஓயாமல் நக்கினால் வெள்ளை முடி செம்பழுப்பாக மாறும். எச்சிலில் உள்ள போர்ஃபிரின் என்ற நிறமி படிவதுதான் காரணம். பலர் அதை அழுக்கு என்று எண்ணி மறுபடி குளிப்பாட்டுகிறார்கள், ஈரம் இன்னும் கூடுகிறது. பிறகு புளித்த வாடை, சிவப்பு, வீக்கம், நொண்டல் என்று வளரும். உண்ணியும் இதே இடுக்கில் ஒளிந்துகொள்ளும். பழுப்பு நாய் உண்ணி எர்லிக்கியா என்ற கிருமியைப் பரப்பக்கூடியது. காய்ச்சலும் ரத்தத் தட்டணுக் குறைவும் அதனால் வரும்.

துடைப்பது எப்படி?

வெறும் தண்ணீரில் சேற்றைக் கழுவி, பழைய பருத்தித் துண்டை ஒவ்வொரு விரலிடுக்கிலும் நுழைத்து ஒற்றி எடுக்க வேண்டும். மேல்பக்கம் மட்டும் துடைத்துப் பயனில்லை, அடிப்பக்க மெத்தைகளுக்கு நடுவேயும் துணி போக வேண்டும். அங்கே நீண்டிருக்கும் முடியை வெட்டிவிட்டால் சீக்கிரம் உலரும்.

ஃபீனைல், டெட்டால், உண்ணிக்கு மண்ணெண்ணெய் இவை எதுவுமே பாதத்தில் படக்கூடாது. தோலைப் பொசுக்குவதோடு, நக்கும்போது வயிற்றுக்குள்ளும் போகும். இவற்றைப் பூசும் பழக்கம் இன்றும் வீடுகளில் தொடர்வது வேதனையானது. புண் இருந்தால் மருத்துவர் சொல்லும் செறிவில் குளோர்ஹெக்சிடின் கரைசல் போதும். குரும்பாபேட்டிலேயே ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும்போது கைவைத்தியத்தில் நாள் கடத்தத் தேவையில்லை.

எலிக்காய்ச்சல்

எலியின் சிறுநீர் கலந்த வெள்ளநீரில் லெப்டோஸ்பைரா கிருமி பல நாள் உயிரோடு இருக்கும். ஊறி வெடித்த தோலும் பாதக்கீறலும் அதற்குத் திறந்த வழி. நாய்க்குச் சிறுநீரகமும் கல்லீரலும் பழுதாகலாம். அதன் சிறுநீர் வழியாக வீட்டாருக்கும் தொற்றலாம். அதனால் புண்பட்ட பாதத்தைத் தொடும்போதும், நாயின் சிறுநீரைச் சுத்தம் செய்யும்போதும் கையுறை அவசியம். தடுப்பூசி முதன்முறை போடும்போது சில வார இடைவெளியில் 2 தவணை, பிறகு ஆண்டுக்கு ஒன்று. அந்த 2 தவணைகளும் மழைக்கு முன்னே முடிய வேண்டுமானால் ஆவணியிலேயே தொடங்குவது நல்லது.