ஜாவா நிரல்களும் கப்பற் சரக்குப் பட்டியலும்

திருக்கோணமலைத் துறைமுகத்தை நாடிவரும் சரக்குக் கப்பல் எதுவாயினும், தான் சுமந்துவரும் பொருள்கள் இவை என்று கூறும் பட்டியலொன்றைத் துறைமுகத்தாருக்கும் சுங்கத்தாருக்கும் அளித்தல் வேண்டும். எத்தனை பொதிகள், அவற்றில் என்ன பண்டம், எங்கே ஏற்றப்பட்டது, யாரைச் சேரவேண்டியது என்பன அதிற் குறிக்கப்பட்டிருக்கும். கப்பலோட்டிகள் ‘மேனிபெஸ்ட்’ என்று வழங்கும் இப்பட்டியலின் பெயரையே ஜாவா மொழியில் கணினி நிரல் எழுதுவோரும் எடுத்தாளுகின்றனர் என்பது நேயர்கள் பலருக்கு வியப்பளிக்கலாம்.

ஜாவா, 1995 இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் வெளியிட்ட கணினி மொழி. காப்பிக்குப் பெயர்போன தீவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பழந்தமிழர் சாவகம் என்று அறிந்திருந்த நாட்டின் பெயர்தான் அது. ஆகவே கடற்றுறைச் சொல்லொன்று அம்மொழியில் வந்து குடியேறியது பொருத்தமே.

பெரிய நிரல் எதுவும் ஒரே மூச்சில், ஒரே கையால் எழுதப்படுவதன்று. கணக்கைப் பார்க்க ஒரு கூறு, தரவைச் சேமிக்க ஒரு கூறு, நடந்தவற்றைக் குறித்துவைக்க ஒரு கூறு என அது பலவாகப் பிரிக்கப்படும். இக்கூறுகள் ‘ஜார்’ எனப்படும் பொதிகளாகக் கட்டப்படுகின்றன. ஒவ்வொரு பொதியினுள்ளும் மேனிபெஸ்ட் என்ற சிறு ஏடு இருக்கும். ஆயினும் நெடுங்காலம் அவ்வேடு பேசியது மிகக் குறைவு. பொதிகள் வரிசையாக அடுக்கப்படும். தேவையான பகுதியைக் கணினி அவ்வரிசையில் தேடி, முதலில் அகப்பட்டதை எடுத்துக்கொள்ளும். வேண்டிய பொதியொன்று விடுபட்டிருந்தால், அது அழைக்கப்படும் கணம்வரை எவருக்கும் தெரியாது. குடிநீர் ஏற்றாமற் புறப்பட்ட கப்பல் நடுக்கடலில் அதை உணர்வது போல, காலையில் நன்றாக ஓடிய நிரல் மாலையில் திடீரென்று நின்றுவிடும்.

இங்கே மற்றொரு சிக்கலும் உண்டு. திருக்கோணமலை நகரத்துப் பேக்கரியில் வேகும் பாண், கோதுமை மாவைச் சார்ந்தது. அம்மாவைச் சீனக்குடா ஆலை அரைக்கிறது. ஆலையோ கடல்கடந்து கப்பலில் வரும் கோதுமையைச் சார்ந்தது. பேக்கரிக்காரர் கப்பலைக் கண்டவரல்லர். எனினும் கப்பல் வராவிடின் அவருடைய அடுப்பு அணைந்துவிடும். நிரல்களிலும் இவ்வாறே, எழுதியவர் கேட்ட பொதி மூன்று எனில் அவை தமக்கென வேறு பலவற்றை இழுத்துவருகின்றன. மேவன் என்னும் கருவி, நிரலாளர் எழுதிவைத்த தேவைப் பட்டியலைப் பார்த்து, பொதிகளையும் அப்பொதிகள் வேண்டும் பொதிகளையும் பொதுக் களஞ்சியத்திலிருந்து தானே தருவித்துவிடும். ஒரே பொதியின் இரு பதிப்புகளை இருவர் கேட்டால், சார்பு மரத்தில் வேருக்கு அண்மையில் உள்ளதை அது ஏற்கும். வசதியான விதிதான், ஆனால் மற்றவருடைய தேவை அங்கே மௌனமாகத் தள்ளப்படுகிறது என்பதை மறத்தலாகாது.

இக்குறையைத் தீர்க்க முனைந்தது 1999 இல் தொடங்கிய ஓ.எஸ்.ஜி.ஐ. என்னும் பொதுநெறி. ‘எனக்கு இன்ன பகுதி, இன்ன பதிப்பெல்லைக்குள் வேண்டும், நான் பிறருக்கு இன்னது தருவேன்’ என்று ஒவ்வொரு பொதியும் தன் மேனிபெஸ்டில் வெளிப்படக் கூறவேண்டும் என்பது அதன் கட்டளை. பொதி முதலில் ‘நிறுவப்பட்டது’ என்ற நிலையில் நிற்கும். கேட்டவற்றைத் தருவோர் அனைவரும் கிடைத்த பின்னரே ‘தீர்வுபெற்றது’ என்ற நிலையை எய்தும், அதன்பின்னரே இயங்கலாம். தேவையில் ஒன்று குறைந்தாலும் அது கரையிலேயே நிறுத்தப்படும். ஒரே பகுதியின் இரு பதிப்புகளும் தனித்தனி அறைகளில் அருகருகே வாழலாம். எனினும் ஒரு பதிப்பிற் பிறந்த பொருளை மறுபதிப்பினிடம் கையளித்தால், அது ‘இதை யான் அறியேன்’ என்று மறுத்துவிடும். மேனிபெஸ்டைச் செம்மையாக எழுதுவதும் எளிதன்று; பொறுமையிழந்து இந்நெறியைக் கைவிட்டோர் பலர்.

கைவிடாதவர்களுள் நம் நாட்டினர் முன்னிற்கின்றனர். 2005 இல் சஞ்சீவ வீரவரண முதலியோர் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.டூ நிறுவனத்தின் பொறியியலாளர்கள் கொழும்பில் உருவாக்கிய ‘கார்பன்’ என்னும் அடித்தளம் இந்நெறியின்மீதே கட்டப்பட்டது. ஒரே அடித்தளத்தில் வேண்டிய கூறுகளைச் சேர்த்தும் வேண்டாதவற்றை நீக்கியும் வெவ்வேறு மென்பொருள்களை அவர்கள் ஆக்கினர். உலகின் பல நாட்டு நிறுவனங்கள் அவற்றைப் பயன்படுத்துகின்றன.

ஜாவா மொழியே இத்தகைய ஒழுங்கை 2017 செப்டெம்பரில், தன் ஒன்பதாம் பதிப்பில் ஏற்றுக்கொண்டது. கூறொன்று குறைந்தால் நிரல் புறப்பட மறுக்கும். ஆனால் எந்தப் பதிப்பு என்ற தெரிவை அது மேவன் போன்ற கருவிகளுக்கே விட்டுவிட்டது.

2021 டிசெம்பரில் இவ்விடயத்தின் முழுக் கனமும் வெளிப்பட்டது. நிகழ்ச்சிகளைக் குறித்துவைக்கும் ‘லாக்ஃபோர்ஜே’ என்னும் பொதியில் பெரும் ஓட்டையொன்று கண்டறியப்பட்டது. குறிப்பேட்டில் எழுதப்படும் ஒரு வரியின் மூலமே அயலான் ஒருவன் கணினியைத் தன்வசப்படுத்தலாம் என்ற நிலை. திருத்திய பதிப்பு விரைவில் வெளிவந்தது. அதைப் பொருத்துவதற்கு முன், தங்கள் நிரலுக்குள் அப்பொதி இருக்கிறதா என்பதையே பல நிறுவனங்கள் அறியாது திகைத்தன. அவர்கள் அதைக் கேட்டு வாங்கவில்லை. வேறொரு பொதியோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பே, 2021 மே மாதத்தில், அமெரிக்க அரசு தான் வாங்கும் மென்பொருள்களுக்கு உட்பொருட் பட்டியல் வேண்டும் என்னும் ஏற்பாட்டைத் தொடங்கியிருந்தது.

நிலாவெளி வீதியில், கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் இன்று கணினி விஞ்ஞானம் கற்பிக்கப்படுகிறது. அங்கே பயிலும் மாணவி ஒருத்தி தன் சிறு நிரலின் சார்பு மரத்தைக் காட்டுமாறு மேவனைக் கேட்பாளாயின், அது ஒரு நொடியில் எழுதிக் காட்டிவிடும். தான் கேட்ட மூன்று பெயர்களின் கீழே, கேளாத பெயர்கள் எத்தனை வரிசையாய் நிற்கின்றன என்பதை அவள் அப்போது எண்ணிப் பார்க்கலாம்.