கறிவேப்பிலைச் செடியருகே ஒரு காமிரா

நம் இல்லங்களில் உள்ள புகைப்பட ஆல்பங்களை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். திருமுழுக்கு, புதுநன்மை, திருமணம், வேளாங்கண்ணிப் பயணம் என்று ஒரு குடும்பத்தின் வரலாறே அவற்றில் அடங்கியிருக்கும். ஆனால் அதே வீட்டின் கொல்லையில் தலைமுறை தலைமுறையாக நம்மோடு குடியிருந்து வரும் அணிலுக்கோ, தேன்சிட்டுக்கோ, மழை பெய்த இரவில் கிணற்றடியில் கத்தும் தவளைக்கோ அந்த ஆல்பத்தில் ஓர் இடமும் இராது. அந்நாளில் அதற்குத் தக்க காரணம் இருந்தது. ஒரு பிலிம் சுருளில் 36 படங்களே எடுக்கலாம். சுருளுக்கு ஒரு விலை, கழுவ ஒரு விலை, அச்சிட ஒரு விலை. காகத்தின் பொருட்டு ஒரு படத்தைச் செலவிட எந்தக் குடும்பத் தலைவர் இசைந்திருப்பார்? இன்று கைப்பேசி அந்தக் காரணத்தை முற்றிலும் அகற்றிவிட்டது. ஆயினும் காகம் இன்னும் ஆல்பத்தில் ஏறவில்லை.

வனவிலங்குப் படம் என்றதும் நம் உள்ளத்தில் எழுவது முதுமலையும் யானைக் கூட்டமும், பீரங்கி போன்ற லென்சைத் தாங்கி நிற்கும் ஒரு மனிதரும்தாம். அது பொருள் மிகுந்தவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுங்கிவிடுகிறோம். இக்கலை பிறந்த கதையோ வேறு. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மலைப்புறத்தில் உழவர் குடும்பத்தில் பிறந்த ரிச்சர்ட் கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்னும் சகோதரர் இருவர், 1892ஆம் ஆண்டில் இலண்டனை அடுத்த ஒரு சிற்றூரில் பாடும் பறவை ஒன்றின் கூட்டை, முட்டைகளோடு படம் பிடித்தனர். 1895இல் அவர்கள் வெளியிட்ட நூல் முழுவதும் நேரில் எடுத்த பறவைக் கூட்டுப் படங்களால் நிறைந்திருந்தது. பறவைகள் அஞ்சாதிருக்க வேண்டுமென்று, உள்ளே குடைந்த ஒரு பொய்க் காளை மாட்டைச் செய்வித்து, அதன் வயிற்றுக்குள் காமிராவுடன் ஒளிந்திருந்தார்களாம்! அவர்கள் தேடியது புலியையும் சிங்கத்தையும் அன்று, வேலியோரத்துக் குருவிகளையே.

நம் தமிழகத்திலும் அத்தகைய ஒருவர் வாழ்ந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தரான மா. கிருஷ்ணன் (1912–1996), கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் தம் இறுதி நாள் வரை இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதி வந்தார். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்துப் புகழ் பெற்ற அவர், காகத்தையும் அணிலையும் அதே மதிப்புடன் கவனித்து எழுதினார். வெவ்வேறு கருவிகளின் பாகங்களைத் தாமே இணைத்து உருவாக்கிய காமிராவையே அவர் பயன்படுத்தினார். விலையுயர்ந்த கருவி இல்லையே என்று ஏங்குவோர் இதை எண்ணிப் பார்க்கலாம்.

எங்கே தொடங்குவது? கறிவேப்பிலைச் செடியில் தொடங்கலாம் என்பது நம் கருத்து. தாளிப்பதற்கு இலை பறிக்கச் செல்லும் இல்லத்தரசி அன்றாடம் நிற்கும் இடம் அது. இளந்தளிரில் கடுகளவினும் சிறிய, வெளிர் மஞ்சள் நிற முட்டை ஒன்று தனித்து ஒட்டியிருக்கக் காணலாம். சில நாள்களில் அதிலிருந்து வெளிப்படும் புழுவைப் பார்த்தால் புழு என்றே தோன்றாது. பறவையின் எச்சம் என்று எண்ணி விட்டுவிடுவோம். குருவிகளும் அப்படியே எண்ணி விட்டுவிடுகின்றன. அதுவே அதற்குக் காப்பு. வளர வளர அது இலையின் பச்சையைப் பெறும். தொட்டுப் பார்த்தால், தலையின் பின்புறத்திலிருந்து சிவந்த கவட்டைக் கொம்பு போன்றதோர் உறுப்பை நீட்டி, கடுமையான வாடையை வீசும். பின்னர் ஒரு குச்சியில் பட்டு நூலால் தன்னைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். அக்கூடும் சுற்றியுள்ள நிறத்துக்கேற்பப் பச்சையாகவோ பழுப்பாகவோ அமையும். முட்டை தொடங்கிப் பட்டாம்பூச்சி சிறகு விரிக்கும் வரை ஏறத்தாழ ஒரு மாதம். நாளைக்கு ஒரு படம் வீதம் எடுத்து வந்தால் முப்பது படங்களில் ஒரு வாழ்க்கை வரலாறு கிடைத்துவிடும். பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதைவிடச் சிறந்த விடுமுறை வேலை வேறில்லை. செடியில் இலை சற்றுக் குறையும். இரசத்துக்கு வேறிடம் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படி வெளிவருவது கறிவேப்பிலை அழகி. ஆண் கறுப்பு நிறத்தது; பின்சிறகில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். பெண்ணோ மூன்று உருவங்களில் காணப்படும். ஒன்று ஆணைப் போன்றது. மற்ற இரண்டும் சிவப்புப் புள்ளிகள் தாங்கி, முற்றிலும் வேறான இரு பட்டாம்பூச்சிகளைப் போல் வேடமிட்டவை. அந்த இரண்டும் புழுவாயிருக்கையில் ஆடுதீண்டாப்பாளை போன்ற செடிகளைத் தின்று நஞ்சேறியவை. ஒருமுறை உண்ட பறவை மறுமுறை அவற்றை நாடாது. அவற்றின் உருவை இரவல் வாங்கிக்கொண்டு இவள் பிழைக்கிறாள். உண்மை எது, வேடம் எது என்று அறிவது எவ்வாறு? நஞ்சுள்ளவற்றின் உடல் சிவந்திருக்கும். வேடதாரியின் உடல் கறுத்திருக்கும். ஆகவே சிறகின் அழகில் மயங்கி அதை மட்டும் எடுக்காமல், பக்கவாட்டிலிருந்து உடலும் தெரிய ஒரு படம் எடுத்து வைப்பது நன்று. பறக்கும்போது கண்ணுக்குத் தப்பிய செய்தி படத்தில் பிடிபடும்.

படம் எடுக்கும் முறையைப் பற்றிச் சில சொற்கள். காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை நான்கரை மணிக்குப் பின்னும் வரும் சாய்ந்த ஒளியே நம் நாட்டுக்கு ஏற்றது. கைப்பேசியின் கண்ணாடியில் படிந்திருக்கும் சமையலறை எண்ணெயை மெல்லிய துணியால் முதலில் துடையுங்கள். பாதிப் படங்கள் மங்குவது இதனாலேயே. விரலால் திரையை விரித்துப் பெரிதாக்கினால் படத்தின் நுட்பம் கெடும். நாமே ஓரடி முன்செல்வது மேல். ஓணானை நின்றுகொண்டு எடுத்தால் அது தரையில் கிடக்கும் குச்சியாகத் தெரியும். அதன் கண்ணின் உயரத்துக்கு நாம் குனிந்தால் ஓர் அரசனைப் போல் நிமிர்ந்து நிற்கும். முழங்கால் நோவு உள்ளவர்கள் நாற்காலி ஒன்றைப் போட்டு அமர்ந்துவிடலாம். அசையாமல் அமர்ந்திருப்போரிடம் தவிட்டுக்குருவிகள் தாமே வந்துவிடும்.

இனி, சற்றுக் கண்டிப்பாகவே பேச வேண்டிய பகுதிக்கு வருகிறோம். தையல்சிட்டு நம் தோட்டத்துச் செடியின் இலைகளை நாராலும் பஞ்சாலும் சிலந்தி நூலாலும் தைத்து, அந்தப் பைக்குள் கூடமைக்கும். கைக்கெட்டும் உயரத்திலேயே பெரும்பாலும் இருக்கும். அதைக் கண்டவுடன் என்ன நடக்கிறது? ஒருவர் இலையை விலக்கிப் பிடிக்கிறார். மற்றவர் படம் எடுக்கிறார். அடுத்த வீட்டுப் பிள்ளைகளும் வந்து எட்டிப் பார்க்கிறார்கள். தாய்ப்பறவை அருகில் நின்று கதறுகிறது. அந்த இலைதான் குஞ்சுகளுக்குக் கூரை. அது விலகினால் வெயில் நேரே விழும். மதிலில் அமர்ந்து இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருக்கும் காகத்துக்கு வழிகாட்டியவர்கள் நாமாகிறோம். ஏறத்தாழ 12 நாள் அடைகாத்து, பின்னும் இரண்டு வாரம் ஊட்டி வளர்க்கும் அந்தச் சிட்டின் உழைப்பு ஒரு படத்துக்காக அழிந்து போகலாம். கியர்ட்டன் சகோதரர்கள் கூடுகளை எடுத்தார்களே என்று கேட்கலாம். அக்காலத்தில் முட்டைகளைத் திருடிச் சேகரிப்பதே பலருக்கு வழக்கமாயிருந்தது. அதை நோக்க, படம் எடுப்பது பெரிய முன்னேற்றம். இன்றைக்குப் பொறுப்புள்ள படப்பிடிப்பாளர்கள் முட்டையும் குஞ்சும் உள்ள கூட்டை நெருங்குவதில்லை. குஞ்சுகள் பறந்து சென்றபின் வெறுங்கூட்டை எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்கலாம். தையலின் நுட்பம் அப்போதுதான் நன்றாகத் தெரியும்.

கோயில் மணிக்கூண்டில் கூகை குடியிருக்கும் ஊர்கள் பல. இதய வடிவான வெண்முகம் கொண்ட அப்பறவையைச் சாக்குருவி என்று வெறுப்போர் இன்னும் உளர். இரவெல்லாம் எலிகளைப் பிடித்து உண்ணும் உழவனின் நண்பன் அது. அதன் முகத்தில் பளிச்சென்று மின்னொளியைப் பாய்ச்சிப் படம் எடுப்பது தகாது. அதைவிடப் பெரிய இடர் ஒன்று உண்டு. மாந்திரீகம் என்ற பெயரால், தீபாவளியை ஒட்டிய நாள்களில் ஆந்தைகளைப் பிடித்து விற்கும் கொடுமை நம் நாட்டில் நடந்து வருகிறது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் இதைத் தடை செய்தும் முற்றிலும் ஒழியவில்லை. கைப்பேசி தான் எடுக்கும் படத்துக்குள் இடத்தின் குறியீட்டையும் பல வேளைகளில் பதித்து வைக்கிறது. ஆகையால் கூகையின் படத்தைப் பலருக்கும் அனுப்புமுன், அக்குறியீட்டை நீக்கிவிடுங்கள். ஊர்ப் பெயரையும் எழுத வேண்டாம்.

பாம்பைப் பற்றி ஒரே சொல்: அருகில் போகாதீர்கள். நம் இளைஞர் சிலர் பாம்போடு தாமும் தோன்றும்படி படம் எடுத்துக்கொள்ள முயல்வது அறிவீனம். யாரையேனும் பாம்பு தீண்டிவிட்டால், அதைத் தேடிப் படம் பிடித்து மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்றும் சிலர் எண்ணுகின்றனர். தேவையில்லை. நம் நாட்டில் அளிக்கப்படும் நச்சுமுறிமருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் பொதுவாகத் தயாரிக்கப்படுவது. தேடும் நேரத்தில் மருத்துவமனைக்குச் சென்றுவிடலாம்.

இவ்வளவு சிரமப்பட்டுக் குருவியைப் படம் எடுத்து யாருக்கு என்ன பயன் என்று கேட்போருக்கு விடை உண்டு. சிட்டுக்குருவி அழிந்தே போயிற்று என்று பலரும் சொல்லக் கேட்டிருப்போம். 2020இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, நாடு முழுவதையும் நோக்கினால் சிட்டுக்குருவியின் தொகை ஏறத்தாழ நிலையாகவே இருப்பதாகவும், சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் குறைந்திருப்பதாகவும் தெரிவித்தது. இதை எப்படி அறிந்தார்கள்? ஏறத்தாழ 15,500 பறவை ஆர்வலர்கள் தாம் கண்டதைக் கண்டபடி எழுதி அனுப்பிய 1 கோடிக்கும் மேற்பட்ட குறிப்புகளிலிருந்துதான். அவர்களில் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் அல்லர், நம்மைப் போன்றவர்களே. தமிழகத்தில் 2015 முதல் பொங்கல் விடுமுறை நாள்களில் பறவைகளை எண்ணிக் குறிக்கும் வழக்கமும் ஏற்பட்டிருக்கிறது. பெயர் தெரியாத பறவையைப் பின்னர் அடையாளங்காணவும், கண்டது மெய் என்று காட்டவும் ஒரு படம் போதும். அது மங்கலாயிருந்தாலும் குற்றமில்லை.

ஆனால் தேதியும் இடமும் இல்லாத படத்தால் இப்பணிக்குப் பயன் குறைவு. ஆகவே வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கட்டும். நாள், நேரம், எந்த மரம், என்ன செய்துகொண்டிருந்தது என்று இரண்டு வரி போதும். நவம்பர் 2ஆம் நாளுக்கு முன் கல்லறைத் தோட்டத்தில் புல் செதுக்கப்படுமல்லவா? அதற்கு முன் ஒரு மாலை சென்று அங்குள்ள தும்பிகளையும் பட்டாம்பூச்சிகளையும் எடுத்துக் குறித்து வையுங்கள்; செதுக்கியபின் மீண்டும் எடுங்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கையில், ஓர் ஓரமாவது செதுக்காமல் விடலாமே என்று பங்குப் பேரவையில் எவரேனும் எழுந்து கேட்கக்கூடும்.

அந்த நோட்டில் இன்னொரு பத்தியும் வேண்டும்: ஊரார் வழங்கும் பெயர். ஒரே பறவையைக் கரிச்சான் என்பார் ஒருவர். இரட்டைவால் குருவி என்பார் மற்றொருவர். வலியன் என்பாரும் உண்டு. செண்பகம் சில ஊர்களில் செம்போத்து. நூல்களில் ஏறாத பெயர்கள் எத்தனையோ நம் பாட்டிமாரின் நாவில் இருக்கின்றன. ஞாயிறு பிற்பகலில் பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் உள்ள படத்தைப் பெரிதாக்கி அவர்களிடம் காட்டி, “இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர், பாட்டி?” என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.