குடகு மழையை நம்பி நாற்றங்கால் விடலாமா?

பூவம் பகுதிக்கு நண்டலாற்றில் வரும் காவிரித் தண்ணீருக்குத் தாய்வீடு குடகு மலைக்காடு. அதற்காக, "பாகமண்டலாவில் கொட்டுகிறது" என்று செய்தி வந்ததும் விதைநெல்லை ஊறவைத்துவிட வேண்டாம். சோலைக்காட்டின் சருகும் வேரும் முதல் மழையை உறிஞ்சிக்கொண்டு மெதுவாகத்தான் ஓடைக்கு விடும். பிறகு ஹாரங்கி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிரம்ப வேண்டும்.

எனவே மழையளவைவிட, எல்லையில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் தினமும் அளக்கும் நீர்வரத்தைக் கவனியுங்கள். விநாடிக்கு 11,574 கனஅடி ஒரு நாள் முழுக்க வந்தால் 1 டி.எம்.சி. உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்புப்படி அங்கே ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95 டி.எம்.சி. வர வேண்டும். கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். அடுத்து மேட்டூர் நீர்மட்டம் (முழு அளவு 120 அடி).

மலையில் பேய்மழை என்றால் கடைமடைக்கு நல்லது என்பதும் சரியல்ல. 2018 ஆகஸ்டில் குடகில் மலையே சரிந்தது. மேட்டூரிலிருந்து 2 லட்சம் கனஅடி வரை திறந்தார்கள். முக்கொம்பில் கொள்ளிடம் மதகுகள் உடைந்தன. பெரும்பகுதி கடலுக்குத்தான் போனது. நமக்கு வேண்டியது வெள்ளமல்ல, விட்டுவிடாமல் வரும் சீரான வரத்து.

மேட்டூர்த் தண்ணீர் கல்லணைக்கு வரவே சுமார் மூன்று நாள் ஆகும். முறைப்பாசனம் வைத்தால் நமக்கு இன்னும் தள்ளிப்போகும். ஆகஸ்டிலும் வரத்து குறைவாகவே இருந்தால் சி.ஆர்.1009 போன்ற நீண்டகால ரகத்தைத் தவிர்த்து, 130–135 நாள் ரகத்துக்கு மாறுங்கள். விதை வாங்குமுன் மாதூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.